ஆறாவது சீசா

செவ்வாய்க்கிழமை, காலை 7.10.

மருந்தறையைத் திறந்த டாக்டர் கோபோஸ் வாசலிலேயே நின்றுவிட்டார். நடு அலமாரி காலி. நரம்புவலிக்கான கேப்ஸ்யூல் பெட்டிகள் பதினெட்டையும் காணோம். பூட்டு உடையவில்லை. சன்னல் கம்பி வளையவில்லை.

7.40. இன்ஸ்பெக்டர் ஹசிந்தா சமூதியோ காலை இழுத்து இழுத்து வந்து சேர்ந்தாள். வயது ஐம்பத்து மூன்று. சர்க்கரை வியாதி அவள் பாதங்களில் மூட்டிய எரிச்சல் பதினோரு வருஷமாக அணையவில்லை. பாபலோவாபன் ஆற்றங்கரையில் இருந்த இந்தச் சின்ன மருத்துவமனையில் அவளும் ஒரு நோயாளி. இன்று மருந்து வாங்கும் முறை அவளுக்கும் இருந்தது.

தாழ்வாரத்தில் இருபது பேர் காத்திருந்தார்கள். முன்வரிசையில் வெற்று மார்போடு எர்மீலோ. சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். அக்கி ஆறிய இடத்தில் சட்டை உரசினாலே அவருக்கு உயிர் போகும்.

"என்னம்மா, திருடனைப் பிடிக்க வந்தியா, வரிசையில உக்கார வந்தியா?"

"ரெண்டுக்கும்தான்யா."

உள்ளே டாக்டர் வியர்த்துக்கொண்டிருந்தார்.

"வேற மருந்தே இல்லையா டாக்டர்?"

"இருக்கு. ராத்திரி போடுற சின்ன மாத்திரை, மரத்துப்போக ஒட்டுற பட்டை, மிளகாய்க் களிம்பு. ஒருத்தருக்குக் கேக்கிறது இன்னொருத்தருக்குக் கேக்காது. இவங்களுக்குக் கேட்டது இந்தக் கேப்ஸ்யூல்தான். திடீர்னு நிறுத்தினா வலிப்புகூட வரலாம்."

"களிம்பு எத்தனை சீசா?"

"ஆறு. நேத்து நானே அடுக்கினேன். தடவினா கொஞ்சம் சுருக்குனு இருக்கும், அவ்வளவுதான்."

இவர் ஒருநாளும் தடவிப் பார்த்ததில்லை என்று ஹசிந்தா நினைத்துக்கொண்டாள். களிம்பு பூசிய காலோடு வெந்நீரில் இறங்கி, தெருவே திரும்பிப் பார்க்க அலறியவள் அவள்.

பக்கத்து அலமாரியில் ஐந்து சீசாக்களே இருந்தன. தரையெங்கும் தூசி, அலமாரிக்கு அடியில் மட்டும் ஒரு முழ அகலத்துக்குத் துடைத்த பளபளப்பு.

சாவி மூன்று பேரிடம். டாக்டர், எல்லா அறைச் சாவியும் வைத்திருக்கும் சமையல்காரி தெல்பினா, மருந்தறைக்காரன் நிகாந்த்ரோ.

8.05. தெல்பினாவின் கண்கள் சிவந்து, நீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"ஏன் அழற?"

"யாரு அழுதா? விடிஞ்சதுலருந்து மிளகாய் சுட்டுக்கிட்டிருக்கேன். புகை கண்ணைப் பிடுங்குது."

டாக்டர் ஹசிந்தாவின் காதருகே குனிந்தார். "நம்பாதீங்க மேடம். களிம்புக் கையால கண்ணைத் தொட்டிருப்பா."

8.20. நிகாந்த்ரோ குளிர்ந்த சோடா பாட்டிலோடு வந்து உட்கார்ந்தான்.

"எப்ப வந்தே?"

"ஏழரைக்கு மேடம். நேத்து அஞ்சுக்குப் போனவன்தான். மருந்தறைப் பக்கம் இன்னிக்கு எட்டிக்கூடப் பாக்கல."

பாட்டிலை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றினான். மறுபடி வலக்கைக்கு. மூடி திறக்கப்படவே இல்லை.

ஹசிந்தா நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். சந்தேகப்படுவதற்குக்கூட அலுப்பாக இருந்தது.

"தெல்பினா, எல்லாருக்கும் பால் காபி கொண்டா. நல்லா கொதிக்கக் கொதிக்க."

8.30. கண்ணாடித் தம்ளர்களில் ஆவி பறந்தது. தெல்பினா தன் தம்ளரை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்து ஊதினாள். டாக்டரும் எடுத்துக்கொண்டார். நிகாந்த்ரோவின் விரல் பட்டதும் தம்ளர் மேசையில் உருண்டது. அவன் கைகளைத் தொடையிடுக்கில் செருகிக்கொண்டு பல்லைக் கடித்தான்.

"பெட்டிகள் எங்கே?" என்றாள் ஹசிந்தா.

"என்ன மேடம்... காபி சுட்டுருச்சு..."

"மத்த ரெண்டு பேரும் அதே தம்ளரைத்தானே பிடிச்சிருக்காங்க? பெட்டிகளை எடுக்கறப்ப ஒரு சீசா விழுந்து உடைஞ்சிருக்கு. தடயம் தெரியக் கூடாதுன்னு கையாலயே வழிச்சுத் துடைச்சிருக்கே. அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவியிருப்பே. அது போகாது. சூடு பட்டா எரிச்சல் ஏறும், குளிர்ச்சி பட்டா கொஞ்சம் அடங்கும். அதுதான் மூடியைத் திறக்காமலே சோடாவைக் கையில உருட்டிக்கிட்டிருந்தே. தெல்பினாவுக்குப் புகை கண்ணுல பட்டது. கையில ஒண்ணும் இல்ல."

அவன் தோள்கள் தொய்ந்தன.

"மச்சான் படகுல, மீன் பெட்டிக்குள்ள இருக்கு. போதைக்குப் போடறானுங்க, நல்ல விலை தரேன்னானுங்க. கொஞ்ச நாள் பொறுத்துக்குவாங்கன்னு நினைச்சேன், மேடம். சின்ன வலிதானேன்னு..."

தாழ்வாரத்தில் யாரோ முனகினார்கள். ஹசிந்தா விலங்கை எடுத்தாள்.

9.50. பதினெட்டுப் பெட்டிகளும் திரும்பின. ஜீப்பில் ஏறும்போது நிகாந்த்ரோ அழுதுகொண்டிருந்தான். "விரலை வெட்டிப் போட்டுரலாம்போல இருக்கு மேடம். இது எப்ப நிக்கும்?"

ஹசிந்தா சமையலறைக்குப் போய் ஒரு கிண்ணத்தில் எண்ணெய் கொண்டுவந்தாள். விலங்கிட்ட அவன் கைகளில் விரல் விரலாகத் தேய்த்து, பழைய துணியால் துடைத்துவிட்டாள்.

"நாளைக்குள்ள நின்னுடும். உனக்கு."

ஜீப் கிளம்பியது. அவள் திரும்பி, வரிசையின் கடைசி நாற்காலியைத் தேடி உட்கார்ந்து, செருப்புகளைக் கழற்றினாள்.