இலுப்பைக்கு மிதித்த மணல்

சடையனுக்குத் தோள்பட்டை இரண்டும் கழன்று விழுவதுபோல் வலித்தது. காலையிலிருந்து சங்கிலி போட்டு இழுத்து, ஆத்தூர் ரோட்டை அகலமாக்க வெட்டிய அடிமரங்களை அயோத்தியாப்பட்டணத்துப் பழைய நூல் குடோனுக்குள் நிமிர்த்தி நட்டிருந்தான். மருது, வேம்பு, புங்கன். கடைசியாக இலுப்பை. எல்லாம் அவன் வெட்டியவை. வெட்டியவனே நடட்டும் என்பது ஓவியர் ஜெயப்பிரியாவின் ஏற்பாடு. நாட்டு மரங்கள் அழிந்ததைக் காட்டும் கண்காட்சியாம்; நாளைக்குத் திறப்பு.

ஜன்னலெல்லாம் கறுப்புத் துணி. உச்சி வெயிலில் தகரக் கூரை முறுகிக்கொண்டிருக்க, உள்ளே மட்டும் பாழுங்கிணற்று இருட்டு. அந்த இருட்டுக்குள் இலுப்பைப் பூ வாசம் தித்திப்பாக, கனமாக இறங்கியது. ஐப்பசியில் இலுப்பை பூப்பதில்லை.

அவன் மனைவி ராசாத்தி இலுப்பை அடிமரத்தைச் சுற்றி ஈர மணலை வெறுங்காலால் மிதித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை குட்டி இல்லை. அவனுக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான்.

"ஏனுங்க, மணலு காலை இழுக்குதுங்க." சிரித்தாள்.

"சோத்துக்கு நேரமாச்சு. வெளிய வா புள்ள."

"வாரேன், வாரேன். நீங்க வெச்ச மரம் பொழச்சுக்கும்போல. உள்ள தண்ணி ஓடுதுங்க."

சடையன் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். எட்டு மாதம் காய்ந்த கட்டை. மாட்டு மூக்குபோல் ஈரமாக இருந்தது. உள்ளே, மோட்டார் குழாயில் தண்ணீர் ஏறுவதுபோல் என்னவோ ஏறியது.

கோடாலி போடுமுன் மரத்தைத் தொட்டு ஒரு வார்த்தை சொல்வது அவர்கள் தொழில் வழக்கம். "உன் எடத்துல ஒரு கன்னு வெக்கறேன் சாமி. அதுவரைக்கும் என் ஊட்டு உசுரு அடமானம்." இலுப்பையிடமும் சொன்னான். எல்லோரும் சொல்வார்கள். வைத்தவன் எவன்? மறுநாள் வேறு ஊர், வேறு மரம்.

பூ வாசம் இன்னும் கனத்தது.

"காலு வரமாட்டேங்குதுங்க."

இப்போது சிரிக்கவில்லை.

அக்குளில் கை கொடுத்து இழுத்தான். மணலுக்கடியில் படபடவென என்னவோ அறுந்தது. அலறினாள். விட்டான். மண்டியிட்டுத் தோண்டினான்.

கணுக்கால். அதற்குக் கீழே தோல் இல்லை. பட்டை. வெடித்த, கறுத்த பட்டை. விரல்களிலிருந்து வெள்ளை வெள்ளையாக வேர். எல்லாம் இலுப்பையை நோக்கி.

"அண்ணா, என்ன சத்தம்?" வாசலில் ஜெயப்பிரியா.

ராசாத்தி வாயைத் திறந்தாள். குரல் இல்லை. உதடுகளுக்கிடையே வெளுத்த மொட்டு ஒன்று பிதுங்கி வந்தது.

இலுப்பைக்குச் சொன்ன கன்று. அவன் இன்னும் வைக்கவில்லை.