சூடு இருக்கும் இடம்

அரை மணி நேரமாக யாரும் தொடாத லேப்டாப்பின் மேல் இரண்டு கைகளின் தடம் இருந்தது.

வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. வெப்பம் காட்டும் கேமராவின் சின்னத் திரையில்தான் தெரிந்தது. ப்ராசஸரும் கிராபிக்ஸ் சில்லும் உட்கார்ந்திருக்கும் மேல்பகுதி வெள்ளையாகக் கொதித்துக்கொண்டிருந்தது. அதைச் சுற்றிச் சிவப்பு, அப்புறம் ஆரஞ்சு, விளிம்புக்கு வர வர மஞ்சள். எல்லாம் இருக்க வேண்டியபடிதான். தட்டச்சு செய்கிறவர் உள்ளங்கையை வைக்கும் இடத்தில் மட்டும், இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, ஐந்து ஐந்து விரலோடு, கருநீலம். கருநீலம் என்றால் குளிர்ச்சி.

நிப்ராஸ் முக்காட்டின் ஓரத்தால் கேமராவின் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். விரல் நுனிகள் முதலில் கரைந்தன, பிறகு உள்ளங்கை, பத்து விநாடியில் எல்லாம் மஞ்சளோடு மஞ்சளாகிவிட்டது. தடம் மங்குகிறது என்றால் இப்போதுதான் பதிந்திருக்கிறது. ஆறு வருஷமாக இந்தக் கேமராவோடு குப்பை கொட்டுகிறவளுக்கு அது தெரியாதா என்ன? தன் கையோ என்று யோசித்தாள். அவள் கை பட்டிருந்தால் சூடான தடமாக அல்லவா விழும்!

நஜஃப் நகரத்தின் பழைய தெருக்களில் ஜூலை மாத மதியம் நாய்கூட நடக்காது. இரண்டு மணிக்கு அரசாங்க மின்சாரம் போய்விடும். அதன் பிறகு தெருமுனை ஜெனரேட்டர்காரன் தருகிற ஐந்து ஆம்பியரில் ஏசி ஓடாது. அதனால் வீட்டுக்கு வீடு ஜனங்கள் நிலவறையில் இறங்கித் தூங்குவார்கள். நிப்ராஸின் வீட்டு நிலவறை இருபத்தெட்டுப் படி ஆழம். மேலே ஐம்பது டிகிரி கொளுத்தினாலும் கீழே இருபத்தாறைத் தாண்டாது. கோடை முழுக்க ஒரே சூட்டில் நிற்கிற அறை கிடைத்தால் லேப்டாப் சோதிக்கிறவளுக்கு வேறென்ன வேண்டும்? பாக்தாதில் பெரிய ஸ்டுடியோ வைத்திருப்பவர்களுக்கே அந்தப் பாக்கியம் இல்லை. புது லேப்டாப் எது வந்தாலும் இங்கே கொண்டுவந்து, மேசை மேல் வைத்து, ப்ராசஸரையும் கிராபிக்ஸையும் ஒரே நேரத்தில் மூச்சு முட்ட முழு வேகத்தில் அரை மணி நேரம் ஓடவிட்டு, சூட்டையும் ஸ்கோரையும் குறித்து வீடியோவில் சொல்வாள். அவள் சொன்னால் வாங்குவார்கள், வேண்டாமென்றால் வாங்க மாட்டார்கள்.

கணவன் ஸைதூன் பஸ்ராவில் எண்ணெய்க் கிணற்று வேலையில் இருந்தான். இருபத்தொரு நாளுக்கு ஒருமுறைதான் வருவான். வீட்டில் அவளும் ஐந்து வயது மகள் தீமாவும் மட்டும். தீமா இப்போது எதிர்ச்சுவரோரம் பாயில், வாயைத் திறந்துகொண்டு, ஒரு காலில் மட்டும் செருப்போடு தூங்கிக்கொண்டிருந்தாள்.

படம் பிடித்திருந்ததை ஸினானுக்கு அனுப்பினாள். பாக்தாதில் உட்கார்ந்து அவளுடைய வீடியோக்களை வெட்டி ஒட்டுகிறவன் அவன். உடனே போனில் கூப்பிட்டான். ஊர் வழக்கப்படி அவளைத் தீமாவின் அம்மா, அதாவது உம்மு தீமா, என்றுதான் அழைப்பான்.

"என்ன உம்மு தீமா, ஜின்னை வேலைக்குச் சேத்துட்டீங்களா? சம்பளம் யாரு குடுக்கிறது?"

"வெளையாடாதடா. கீழ பேட்டரி ஏதாச்சும் அப்படித் தெரியுமா?"

"பேட்டரிக்கு வெரல் இருக்குமா? பளபளன்னு இருக்கிற தகடுங்க. உங்க கையே அதுல தெரிஞ்சிருக்கும்."

"மேல முழுக்கக் கறுப்பு டேப் ஒட்டியிருக்கேன். அதுல எப்படித் தெரியும்?"

"அப்ப எனக்குத் தெரியாது, தாயே. ரெண்டாவது ஓட்டத்தை ஓட்டிப் பாருங்க. ஸ்கோர் எவ்வளவு?"

"பதினாலாயிரத்து இருநூறு. தொண்ணூத்தாறு டிகிரி."

"நல்ல அடுப்புதான். மூணு ஓட்டத்தோட சராசரியை அனுப்புங்க," என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான்.

சிரிப்பு போனதும் நிலவறை முன்னைவிட அமைதியாக இருந்தது. அவள் இரண்டாவது ஓட்டத்தைத் தொடங்கினாள்.

ஃபேன்கள் முதலில் முனகி, பிறகு சீறி, அப்புறம் தொடர்ந்து ஊளையிடத் தொடங்கின. லேப்டாப்பின் முதுகிலிருந்து வந்த சுடுகாற்றில் புது பிளாஸ்டிக்கின் இனிப்பு கலந்த நெடி இருந்தது. அதோடு வேறொரு வாசனையும், ஈரக் களிமண்ணும் பாசியும் சேர்ந்த மாதிரி, மெல்ல மெல்ல அறைக்குள் கசிந்தது. மூலையில் ஒரு பழங்கிணறு உண்டு. தெருவிலுள்ள எல்லா நிலவறைக் கிணறுகளும் அடியில் ஒன்றோடொன்று சேரும் என்பார்கள். பிள்ளை விழுந்துவிடக் கூடாதென்று ஸைதூன் அதன் வாயை இரும்புத் தகட்டால் மூடி, மேலே இரண்டு சிமெண்ட் மூட்டையையும் வைத்திருந்தான். மூட்டைகள் அசையவில்லை. வாசனை மட்டும் எப்படியோ வந்துகொண்டிருந்தது.

எட்டாவது நிமிஷம் ஃபேன்களின் ஊளை தணிந்தது.

அவள் திரையைப் பார்த்தாள். வேலை நிற்கவில்லை, ப்ராசஸர் நூற்றுக்கு நூறு, கிராபிக்ஸ் நூற்றுக்கு நூறு. சூடு மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. தொண்ணூற்றைந்து. எண்பத்தெட்டு. எழுபத்தொன்பது. எந்த லேப்டாப்பும் இரண்டாவது ஓட்டத்தில் களைத்துத்தான் போகும், இதுவோ தெம்பாகிக்கொண்டே வந்தது. படங்கள் வெண்ணெயாக வழுக்கி ஓடின. ஸ்கோர் பதினைந்தாயிரத்தைத் தாண்டியது. வேறு நாளாக இருந்தால் சந்தோஷத்தில் குதித்திருப்பாள். இப்போது தணிந்துபோன ஃபேன்களையே காதுகொடுத்துக் கேட்டாள். இத்தனை சூட்டையும் யார் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்?

கேமராவைத் தூக்கினாள்.

கைகள் இருந்தன. இந்தத் தடவை மங்கவில்லை. லேப்டாப்பின் முதுகுப்பக்கம், சுடுகாற்று வெளியே வரும் இடத்தில், குளிர்காலத்தில் அடுப்படியில் கைகாய்ச்சுகிறவர் மாதிரி இரண்டு நீலக் கைகள் பொத்திக்கொண்டிருந்தன. கைகளுக்குப் பின்னால் ஒன்றுமில்லை. முழங்கை இல்லை, தோள் இல்லை, ஆள் இல்லை.

கேமராவைத் தரைப்பக்கம் திருப்பினாள். வேண்டாம் வேண்டாம் என்று மனசு அடித்துக்கொண்டாலும் கை திருப்பியது. மேசையடியில் ஒரு கைத்தடம். அதற்குப் பின்னால் ஒரு தரை ஓடு தள்ளி இன்னொன்று. இடம், வலம், இடம், வலம். தவழ்ந்து வந்த தடம். சிமெண்ட் மூட்டைகளுக்குக் கீழே, தகட்டின் விளிம்பைச் சுற்றி, மை கொட்டியதுபோல அடர்ந்த நீலம்.

"யா அல்லாஹ்," என்றாள்.

அவளுக்கு அப்போது தோன்றியது ஒன்றுதான்: நிறுத்து. பாய்ந்துபோய் சார்ஜரைப் பிடுங்கினாள், பவர் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். திரை கறுத்தது. ஃபேன்கள் சுழன்று சுழன்று ஓய்ந்தன.

அமைதி. தெருமுனை ஜெனரேட்டரின் உறுமல் எங்கோ மேலே. தீமாவின் மூச்சு இங்கே.

கேமராவில் லேப்டாப்பின் வெள்ளை சிவப்பானது, சிவப்பு மஞ்சளானது, மஞ்சள் பச்சையானது. அரை மணி நேரம் ஆற வேண்டிய சூடு அரை நிமிஷத்தில் வடிந்துபோயிற்று. உறிஞ்சிக் குடித்த மாதிரி. நீலக் கைகள் அதன் மேல் தடவித் தடவிப் பார்த்தன. பிறகு விலகிக்கொண்டன.

தரையில் புதிதாக ஒரு தடம் விழுந்தது. மேசைக்கு இந்தப் பக்கம்.

இன்னொன்று.

அவளை நோக்கி வரவில்லை. சுவரோரம் போயின. அங்கே என்ன இருக்கிறது என்று கேமரா காட்டியது. பச்சையும் நீலமுமாகக் கிடந்த அந்த அறையில், பாயின் மேல், சுருண்டு படுத்த ஒரு சின்ன ஆரஞ்சு உருவம்.

ஐயோ, நிறுத்தியிருக்கக் கூடாது. நிறுத்தியிருக்கவே கூடாது!

அவள் ஓடினாள். கால் நாற்காலியில் இடறியது. தீமாவை வாரித் தூக்கியபோது பிள்ளையின் முதுகில் பட்ட அவள் கை சுரீரென்றது, ஐஸ் கட்டியைத் தொட்ட மாதிரி. குழந்தை விழித்தது, அழவில்லை. அதுதான் அவளை இன்னும் கலக்கியது.

இருபத்தெட்டுப் படி. எண்ணிக்கொண்டே ஏறினாள், ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. போன் கீழேயே கிடந்தது. மணிக்கட்டில் வாரோடு கட்டியிருந்த கேமரா மட்டும் ஒவ்வொரு படியிலும் சுவரில் இடித்துக்கொண்டே வந்தது.

முற்றத்தில் வெயில் வெள்ளையாக நின்றது. தரை ஓடு காலைச் சுட்டது. நிப்ராஸ் நடுவெயிலில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டாள். தீமாவின் உதடு வெளிறியிருந்தது, பல் கிடுகிடுத்தது.

"அம்மா, குளிருது."

"இல்லடா கண்ணு, வெயில்ல இருக்கோம் பாரு. இப்ப சரியாயிடும்."

"இவங்க விட மாட்டேங்கிறாங்கம்மா."

"யாரு?"

"பின்னாடி கட்டிப்புடிச்சிருக்கிறவங்க."

கேமராவை உயர்த்தினாள். முற்றம் முழுக்க வெள்ளை, சுவர், தரை, தண்ணீர்க் குழாய், எல்லாம் கண்கூசும் வெள்ளை. அதன் நடுவே தீமா மட்டும் பச்சை. விலாவைச் சுற்றி முன்பக்கம் கோத்திருந்தன பத்து நீல விரல்கள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சை கறுத்துக்கொண்டு வந்தது.

நிப்ராஸ் அந்த விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். பிடிக்க ஒன்றும் இல்லை. குளிர் மட்டும்தான் இருந்தது. தேய்த்தாள், ஊதினாள், தெரிந்த துவாவையெல்லாம் முன்னுக்குப் பின்னாகச் சொன்னாள். தீமாவின் தலை தொங்கியது. அப்போதுதான் நிப்ராஸ் அந்தக் குளிரிடம் பேசினாள், சந்தையில் பேரம் பேசுகிறவள்போல, அவசர அவசரமாக.

"அவகிட்ட என்ன இருக்கு? சின்னப் புள்ள, ஒரு வாய்க்குக் காணாது. என்கிட்ட வா. நான் பெரியவ, என்கிட்ட நெறைய இருக்கு. வா. வந்து எடுத்துக்கோ."

கழுத்தின் பின்னால் ஒரு உள்ளங்கை படிந்தது.

பிறகு இரண்டாவது. சொல்லி மாளாத குளிர் அது. முதுகெலும்பு வழியாக இறங்கி, வயிற்றில் தங்கி, தொடைக்குள் போய், முழங்காலைப் பூட்டியது. மடியில் தீமா பெரிதாக ஒரு மூச்சு இழுத்தாள். கன்னத்தில் ரத்தம் ஏறியது. "ஸ்ஸ்... சுடுதும்மா!" என்று கத்திக்கொண்டு குதித்து இறங்கிக் குழாயடி நிழலுக்கு ஓடினாள். நிப்ராஸுக்கு அழுகை வந்தது. பிழைத்துவிட்டாள். என் பிள்ளை பிழைத்துவிட்டாள்.

அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். கால் அசையவில்லை.

வெயில் உச்சந்தலையில் விழுந்துகொண்டே இருந்தது. விழுந்ததையெல்லாம் அது எடுத்துக்கொண்டே இருந்தது. அதுவரை சரி, வாங்கிக் கொடுக்க வெயில் இருக்கிறவரை சரி. அவளுக்கு அடியில் இருந்த ஓடு எப்போதோ குளிர்ந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தாள். மேற்குச் சுவர் உயரம். அதன் நிழல் முற்றத்தின் பாதியைத் தாண்டியிருந்தது. அவளுக்கும் நிழலுக்கும் நடுவே நாலு ஓடு.

"தீமா. கதவைத் தொறந்து பக்கத்து வீட்டுக்கு ஓடு."

தீமா ஓடிப்போய் எம்பிப் பார்த்தாள். தாழ்ப்பாள் எட்டவில்லை. "எட்டலைம்மா. நீ வந்து தொறந்துவிடு."

"மாடிக்குப் போ, அப்ப. மாடியில இரு. அம்மா கூப்பிட்டாலும் வராத."

"மாடி சுடும்மா. என் செருப்பு ஒண்ணு கீழ இருக்கு."

"போடின்னா போ!"

அவள் அப்படி ஒருநாளும் கத்தியதில்லை. தீமா உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அங்கேயே நின்றாள், போகவில்லை.

மூன்று ஓடு. அக்கம்பக்கத்தில் எல்லோரும் பூமிக்கடியில் தூங்கிக்கொண்டிருந்தார்கள், கூவினாலும் கேட்காது. கூவினாள். கேட்கவில்லை. இரண்டு ஓடு. ஒன்று.

நிழல் அவள் கால் விரலைத் தொட்டது. முழங்காலுக்கு ஏறியது. மடி. மார்பு. முகம்.

கழுத்திலிருந்த கைகள் மெல்ல நகர்ந்தன. தோள் வழியாக, புஜம் வழியாக, அவள் கைகளுக்குள்ளேயே, கையுறைக்குள் கை நுழைகிற மாதிரி இறங்கின. ஒவ்வொரு விரலாக நிரம்பியது.

மடியில் சாய்ந்து கிடந்த கேமராவின் திரை குழாயடியைக் காட்டியது. நிழலில் இருந்த சூட்டையும் அது குடித்துவிட்டதில் எல்லாம் மங்கிய பச்சை. நடுவே ஆரஞ்சு நிறத்தில், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நிற்கும் ஒரே ஒரு சின்ன உருவம்.

வராதே என்று சொல்ல வாயைத் திறந்தாள். வாய்க்குள் நாக்கு விறைத்திருந்தது.

அவளுடைய இரண்டு கைகளும் உயர்ந்தன. அவள் உயர்த்தவில்லை. வா, வந்து கட்டிக்கொள் என்பதுபோல அகல விரிந்தன.

கோபம் தீர்ந்துவிட்டது அம்மாவுக்கு, என்று நினைத்துக்கொண்டு தீமா சிரித்தபடி ஓடி வந்தாள்.