ஈரம் காயாத மூலை

புதிதாகப் பதித்த கக்கூஸ் குழாயில் கற்பூரம் மணத்தது. பீங்கான் இன்னும் பொருத்தவில்லை. குளியலறைத் தரையில் குழாயின் வாய் திறந்தே கிடந்தது. சவுகத் அலி குனிந்து மோந்து பார்த்தார். கற்பூரத்தோடு, இலந்தை இலையைக் கொதிக்க வைத்த பச்சை வாடையும் ஏறி வந்தது. காலமெல்லாம் கடையில் ஏலக்காயை மோந்தே தரம் சொன்ன மூக்கு அது. அதை நம்பாமல் இருக்க அவரால் முடியவில்லை.

மனைவி சுரையாவுக்கு முழங்கால் மடங்காது. உட்காருகிற பீங்கான் வைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். பழைய இடத்திலேயே வைத்தால் உட்காருபவர் முகம் தொழுகைத் திசையான கிப்லாவைப் பார்க்கும், அது ஆகாது. திருப்பி வைத்தால் குழாயையும் மாற்ற வேண்டும்.

"கொல்லை மூலை வழியா போனாத்தாண்ணே தண்ணி ஓட வாட்டம் கெடைக்கும்," என்றார் கொத்தனார் ஜக்கையன்.

அந்த மூலையில்தான் போன வருடம் குழி வெட்டியிருந்தார்கள். காய்ச்சலில் மவுத்தான ஒரே மகள் மெஹ்ரினை அடக்கத்துக்கு முன் இலந்தை இலையும் கற்பூரமும் போட்டுக் குளிப்பாட்டிய தண்ணீர் சாக்கடையில் கலக்கக் கூடாது, யார் காலிலும் மிதிபடக் கூடாது என்று தனியாக வெட்டி, வடிந்ததும் மூடிய குழி. வெட்டியது சவுகத் அலிதான். பெற்ற பிள்ளைக்குக் கடைசியாக அவர் செய்தது அது ஒன்றுதான்.

"அங்க மட்டும் தோண்டாதீங்க. எம்புள்ள தண்ணி அது," என்று சுரையா கெஞ்சினாள்.

"தண்ணி அன்னிக்கே வத்திருச்சு. இப்ப வெறும் மண்ணுதான் புள்ள," என்றார் சவுகத் அலி.

இன்று காலை அவள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தபோது தோண்டச் சொன்னார். எல்லாம் அவள் காலுக்காகத்தானே. மழை கண்டு மாதக்கணக்காகியும் மண் சேறாக வந்தது. பழைய குழாயை அறுத்தபோது அதில் தேங்கியிருந்த கழிவு அந்தக் குழியில் கொட்டிவிட்டது. ஜக்கையன் அவர் முகத்தைப் பார்த்தார்.

"வெரசா மூடுங்க. அவளுக்குத் தெரிய வேணாம்," என்றார் சவுகத் அலி.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய சுரையா கொல்லைப் பக்கம் போகாமல் நேரே அடுப்படிக்குப் போனாள். அதுவே அவருக்கு உறுத்தலாக இருந்தது. மகள் போனபின் அவருக்கென்று மிஞ்சியது அவள் ஒருத்திதான்.

பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு சொல்லும் நேரத்தில் மின்சாரம் போனது. மலையிலிருந்து இறங்கிய காற்று கொல்லைக் கதவை அசைத்துக்கொண்டிருக்க, தொழப் போவதற்காகக் கைகால் கழுவி ஒலு செய்ய எழுந்தவர் காதில், குளியலறைக்குள் யாரோ வாளியில் குவளையை முக்கி எடுத்து அவசரமில்லாமல் நீரை ஊற்றும் சத்தம் விழுந்தது. பிறகு நின்றது. மறுபடியும் ஊற்றியது.

"சுரையா?"

"வர்றேங்க. தலை மட்டுந்தான் பாக்கி."

கதவுக்கு அடியிலிருந்து நீர் வழிந்து அவர் பாதத்தைத் தொட்டது. வெதுவெதுப்பு. கற்பூர மணம். அவருக்கு அழுகை வந்தது. பயமும் வந்தது.

கதவைத் தள்ளினார்.

ஜன்னல் வழி வந்த மங்கிய வெளிச்சத்தில் சுரையா தரையில் உட்கார்ந்திருந்தாள். மடங்காத கால் மடங்கியிருந்தது. முகத்தில் கண்ணீர்.

"எம்புள்ள மேலெல்லாம் அழுக்காயிருச்சாங்க. மறுபடி குளிப்பாட்டச் சொல்றா."

அவள் விரல்கள் பின்னிக்கொண்டிருந்தன. மெதுவாக. இழுத்தால் வலிக்குமே என்பதுபோல.

ஈரமான, நீளமான கூந்தல். குளிப்பாட்டி முடித்த மய்யித்துக்குப் பின்னுவதுபோல மூன்று பின்னல். இரண்டு முடிந்திருந்தன. மூன்றாவதற்கான முடி தரைக் குழாயின் வாயிலிருந்து இன்னும் வந்துகொண்டிருந்தது.