டீக்கடையில் சார்ஜ் போட்ட போன்

பாஸிலா போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். நாகல் நகரில் இருந்த ஓய்வு பெற்ற எஸ்.ஐ. மாயம்மாளின் வீட்டுக்கு, அவள் பிடிவாதம் தாங்காமல் கூட்டி வந்திருந்த அண்ணன் யாசின், பக்கத்து நாற்காலியில் கடுகடுவென்று உட்கார்ந்திருந்தான்.

"ஒரு வாரமா தெரியாத நம்பர்ல இருந்து மெசேஜ் வருதும்மா. 'இப்ப காலேஜ் கேட்ல நிக்கிறே', 'இப்ப பஸ் ஏறிட்டே'ன்னு. திரும்பிப் பார்த்தா யாருமில்ல. அத்தாவுக்குத் தெரிஞ்சா படிப்பை நிப்பாட்டிருவாங்க. இன்னும் ஒரு வருஷந்தான் இருக்கு."

"நிப்பாட்டுறதுதான் நல்லது," என்றான் யாசின்.

கூடவே உட்கார்ந்திருந்த மாயம்மாளின் பக்கத்து வீட்டுத் தமிழ்மதி செல்போன் பழுது பார்ப்பவள். துப்பறிவதென்றால் அவளுக்குச் சோறு தண்ணி வேண்டாம். "போனை வெளியில எங்க சார்ஜ் போடுவே?" என்று முந்திக்கொண்டு கேட்டாள்.

பாஸிலாவின் பழைய போன் மதியத்துக்குள் உயிரை விட்டுவிடும். "பஸ் ஸ்டாண்டு டீக்கடையிலக்கா. தங்கமுத்து அண்ணன் பிளக் குடுப்பாரு."

"அப்ப அந்த ஆளுதான்!" என்றாள் தமிழ்மதி.

மாயம்மாள் அவசரப்படவில்லை. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு செய்திகளை ஒவ்வொன்றாகப் படித்தார். ஒன்றில் விரல் நின்றது. செவ்வாய், மாலை மூன்றரை: 'ஒரு மணி நேரமா பஸ் ஸ்டாண்டுல யாருக்காகக் காத்திருக்கே?'

"அம்புட்டு நேரம் அங்க நின்னியா, தாயி?"

"இல்லம்மா. போனைக் கடையில போட்டுட்டு, நோட்டு வாங்கக் கடைவீதிக்குப் போயிட்டேன். திரும்பி வந்துதான் இதைப் பார்த்தேன்."

"அப்ப டீக்கடைக்காரர் இல்ல. போன் அவரு கண்ணு முன்னாடி கெடந்துச்சு, நீ அங்க இல்லைன்னு அவருக்குத் தெரியும். இது போன் உன் கையிலதான் இருக்குன்னு நம்புன ஆளு. உன்னை யாரும் பார்க்கல. உன் போன் இருக்குற எடத்தைத்தான் பார்க்குறாங்க."

 அப்படியானால் தன் வீடுகூட அந்த ஆளுக்குத் தெரியும் என்பது பாஸிலாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"மொத மெசேஜ் என்னைக்கு வந்துச்சு?"

"பெரியம்மா மக ஷாஹினா கல்யாணத்துக்கு மறுநாள்."

"கல்யாணத்துல போனு எங்க இருந்துச்சு?"

"மண்டபத்துல எங்க வீட்டுப் போனெல்லாம் ஒரே எடத்துல சார்ஜ் போட்டிருந்தோம். வழி கேட்டு விருந்தாளிங்க கூப்பிட்டா எடுத்துப் பேசணும்ல? அதனால லாக்கை எடுத்துட்டுத்தான் குடுத்தோம்."

"யாருகிட்ட?"

பாஸிலா திரும்பி யாசினைப் பார்த்தாள். 

"நேரமாச்சு, கெளம்பு," என்று யாசின் எழுந்தான். அதற்குள் தமிழ்மதி பாஸிலாவின் போனில் வரைபடத்தைத் திறந்து, அந்தப் போன் இருக்குமிடம் யாருக்கெல்லாம் தெரிகிறது என்ற பட்டியலுக்குப் போயிருந்தாள். அதில் ஒரே பெயர்தான் இருந்தது. யாசின்.

"அன்னைக்கு எல்லாப் போனுக்கும் காவல் இருந்தது நீதானே, தம்பி? அப்பவே இது இருக்குற எடம் உனக்குத் தெரியுற மாதிரி பண்ணி வச்சுட்டே. தங்கச்சி இதையெல்லாம் தொறந்து பார்க்க மாட்டான்னு இருந்துட்டே. மெரட்ட மட்டும் புது சிம்மு வாங்கினே," என்றார் மாயம்மாள்.

யாசின் தலை குனிந்தது. "பயந்தா அவளே வீட்டோட இருந்துக்குவான்னு நெனச்சேன். ஊரு கெட்டுக் கெடக்கு."

"ஊரைப் பார்த்து நான் பயந்ததே இல்ல!" பாஸிலாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "இந்த ஒரு வாரமாத்தான் தூக்கமில்ல. பயமா இருக்குன்னு உன்கிட்டதானேண்ணே ஓடி வந்தேன்?"



"உங்கப்பாகிட்ட நான் பேசட்டுமா?" என்று மாயம்மாள் கேட்டார்.

"நானே பேசுறேம்மா." பாஸிலா போனை வாங்கி அத்தாவின் எண்ணை அழுத்தினாள். "அத்தா, நாகல் நகருக்கு வந்து என்னைக் கூட்டிட்டுப் போங்க. நாளைக்குக் காலேஜுக்கும் நீங்கதான் கொண்டுவந்து விடணும். அண்ணனோட வர எனக்குப் பயமா இருக்கு."