மாற்றாத கதவெண்

"என் லிஸ்ப்புக்குள்ள என்ன பண்றீங்க?"

அவள் திரும்பினாள். மழையில் நனைந்த தலை, மூக்கு நுனியில் ஒரு துளி... அதற்கு மேலே கோபமான இரண்டு கண்கள். எதிர் அறையில் வெள்ளக் கணிப்பு செய்பவன். இத்தனை நாளும் முதுகை மட்டுமே பார்த்திருந்தாள். கோபத்தில்கூட இவ்வளவு அழகான கண்களா என்று அந்த நேரத்திலும் தோன்றித் தொலைத்தது.

நடந்தது இதுதான். அவள் நிரல் எழுதும் எடிட்டர் முதலில் லிஸ்ப் என்ற கணக்குப் போடும் நிரலைக் கிளப்பிவிடும். லிஸ்ப் கண் விழித்து, தான் திறந்த கதவின், அதாவது போர்ட்டின், எண்ணை ஒரு ஃபைலில் எழுதி வைக்கும். எடிட்டர் அதைப் படித்துவிட்டு அந்தக் கதவு வழியே உள்ளே போகும். வேலைக்குப் புதியவளுக்கு அந்தப் பத்து விநாடி பொறுக்கவில்லை. வழக்கமான எண்தானே என்று தானே அடித்துவிட்டாள். எல்லோரும் பகிரும் கணினி அது. அந்த எண்ணில் ஓடிக்கொண்டிருந்தது அவனுடைய லிஸ்ப். தன்னுடையது என்று நினைத்து உள்ளே இருந்ததையெல்லாம் துடைத்தாள். அவனுடைய பத்தொன்பது நாள் கணக்கு போயே போய்விட்டது.

"பத்து செகண்ட் காத்திருக்க முடியாதா உங்களால?"

"கதவைத் திறந்து போட்டது யாராம்?"

மன்னிப்புக் கேட்டிருக்கலாம்... வாய் முந்திக்கொண்டது. அவன் போய்விட்டான்.

அதன் பிறகு தினமும் காலையில் எடிட்டர் லிஸ்ப்புக்காகக் காத்திருக்கும். அவள் கண் எதிர் அறை வாசலில் காத்திருக்கும். வருவான், குடையை உதறுவான், இந்தப் பக்கம் திரும்பவே மாட்டான். ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை போதும். பாழாய்ப்போன வீம்பு விட்டால்தானே. ஒரு ஸாரிக்கு இவ்வளவு கிராக்கியா என்று வீட்டில் அவளுடைய அக்காகூடக் கேலி செய்தாள்.

அவனை ஆறு மாதத்துக்கு வேறு ஊருக்கு அனுப்புகிறார்கள் என்று தெரிந்த அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அவன் கிளம்பும் நாள் மாலை. மழை. பூட்டியிருப்பான் என்று நினைத்துக்கொண்டேதான் அந்தப் பழைய எண்ணை அடித்தாள்... திறந்துகொண்டது. அவன் திரையில் விழும்படி ஒரு வரி அனுப்பினாள்: மன்னிச்சிடுங்க.

வாசலில் வந்து நின்றான்.

"இவ்வளவு நடந்தும் நம்பரை ஏன் மாத்தலை?" என்றாள், நிமிராமல்.

"மாத்தினா... நீங்க மறுபடி தப்பா வர முடியாதே."

அவள் நிமிர்ந்தாள். கண் நிறைந்துவிட்டது.

"இந்தத் தடவை தப்பா வரலை. உங்களைப் பிடிச்சிருக்கு... திரும்பி வர்ற வரைக்கும் காத்திருக்கேன்."

"பத்து செகண்ட் பொறுக்காத ஆளு. ஆறு மாசமா?"

"தினமும் காலையில காத்திருக்கப் பழகிட்டுத்தானே இருந்தேன்."