கைப்பிடிக் குழி

வியாழக்கிழமை காலையும் வருகைப்பதிவு மெஷின் அவரைத் தெரியாது என்றது. இது மூன்றாவது நாள். கட்டைவிரலைச் சட்டையில் துடைத்தார், ஊதினார், எச்சில் தொட்டு வைத்தார். சிவப்பு விளக்கு மாறவில்லை.

"மெஷினுக்கு உங்களப் பிடிக்கல சார்," என்று காவலாளி நோட்டை நீட்டினார்.

"வீட்டுலயே பாதி நாள் பிடிக்கல. இதுக்கு மட்டும் பிடிச்சு என்ன ஆகப்போகுது."

அந்த ஏல நிறுவனத்தில் பழைய மண்பாண்டங்களைச் செய்தவர் யார் என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. முத்திரை இருந்தால் யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். இல்லாதவைதான் அவரிடம் வரும். கையுறை போடமாட்டார். கண் ஏமாறும், கட்டைவிரல் ஏமாறாது என்பது அவர் கொள்கை. சின்ன வயதில் டப்பா மூடி கிழித்த தழும்பு குறுக்கே ஓடும் அந்த விரலை வைத்தே, முதுகுக்குப் பின்னால் அவருக்குக் 'கட்டைவிரல்' என்று பெயர். போன வருஷம் ஒரு பூச்சாடியைப் பெரிய மேதையின் கைவேலை என்று அந்த விரல் அடித்துச் சொன்னது. ஏலத்தன்று ஒரு பல் டாக்டர் எழுந்து, அது தான் பள்ளிக்கூடத்தில் செய்தது என்றார். அன்றைக்குப் போன மானம் இன்னும் வீடு திரும்பவில்லை.

"ஆறு மணிக்குப் பட்டியல் அச்சுக்குப் போகுது," என்றார் மேலாளர் அம்மாள். "அந்த ஜாடியச் செஞ்சவர் பேர் வேணும். இல்லன்னா ஜாடியோட சேர்த்து உங்களையும் 'யாரென்று தெரியவில்லை' பக்கத்துல போட்டுருவேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கேட்டவருக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த வேலையை விட்டால் அவருக்கு வேறு எதுவும் தெரியாது.

பெட்டக அறைக்கு ஜன்னல் கிடையாது. உள்ளே போகவும் வெளியே வரவும் விரல் வைக்க வேண்டும். மூன்று நாளாகக் காவலாளிதான் திறந்துவிடுகிறார். பழைய காகிதமும் பசையும் தூசியும் கலந்த வழக்கமான வாசனைக்கு அடியில், திங்களன்று இந்த ஜாடி வந்ததிலிருந்து, அப்போதுதான் பிசைந்து வைத்ததுபோல ஈரமண் வாசனை ஒன்று மெல்ல ஊறிக்கொண்டிருந்தது. கையைக் கழுவினாலும் அது கையிலேயே நின்றது.

தேன் நிறப் பூச்சு, ஒற்றைக் கைப்பிடி. கைப்பிடியை உடலோடு ஒட்டும்போது செய்தவர் கட்டைவிரலால் அழுத்திய குழி அடியில் இருந்தது. அதில் தன் விரலை வைத்துப் பார்த்தார்; அளவெடுத்ததுபோல உட்கார்ந்தது. அந்தச் சந்தோஷத்தில் நூறு தடவையாவது அப்படியே பிடித்துத் தூக்கியிருப்பார்.

நன்றாகச் சுட்ட பாண்டம் தட்டினால் 'டங்' என்னும். இது 'தொப்' என்றது, தொடையில் தட்டியதுபோல. விரிசலும் இல்லை. குழியின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துத் தினமும் ஒரு பிரதி எடுத்தார். திங்கள், வெறும் வட்டம். செவ்வாய், நாலைந்து மங்கல் கோடுகள், பென்சிலைத் திட்டினார். புதன், சுழிகள், மூக்குக்கண்ணாடியைத் திட்டினார். குயவர்களின் விரல்ரேகை அச்சிட்ட பதினாறு புத்தகங்களைப் புரட்டினார். ஒன்றிலும் இல்லை.

மாலை ஐந்தரை. பதினாறாவது புத்தகத்தை மூடியபோது, எறியத்தான் கை ஓங்கியது.

"யாருடா உன்னைச் செஞ்சது?" என்று ஜாடியைக் கேட்டார். மனைவியிடம் இந்தத் தைரியம் வந்ததில்லை.

இன்றைய தாளை வைத்துத் தேய்த்தார். கோடுகள் கறுப்பாக, தெளிவாக எழுந்தன. சுழிக்குள் சுழி. நடுவில், குறுக்கே, ஒரு வெள்ளைக் கீறல்.

தழும்பு.

நான்கு தாள்களையும் வரிசையாக வைத்தார். பிறகு, விருப்பமே இல்லாமல், தன் கட்டைவிரலை விளக்கடியில் திருப்பினார்.

ஒன்றுமில்லை. கோடு இல்லை. தழும்பு இல்லை. வழவழவென்று, பூச்சுக் கொடுத்ததுபோல.

ஜாடியை மெதுவாகத் தட்டினார். தொப். இப்போது அது வெதுவெதுப்பாகவும் இருந்தது.

மேசையில் இன்டர்காம் அலறியது.

"பேர் கிடைச்சுதா?" மேலாளர் அம்மாள்.

"கிடைச்ச மாதிரிதான் இருக்கு மேடம்."

"யாரு?"

சொல்ல வாயைத் திறந்தார். பிறந்ததிலிருந்து தெரிந்த பெயர். நாக்கு நுனியில் மண் சுவை. பெயர் வரவில்லை.

"லைன்ல இருக்கீங்களா? ஹலோ?"

கதவுக்கு ஓடினார். விரலை வைத்தார். சிவப்பு. மற்ற விரல்கள். சிவப்பு. சிவப்பு. கை முழுவதும் பளபளத்தது. ஈரமண் வாசனை இப்போது ஜாடிப் பக்கமிருந்து வரவில்லை.

முஷ்டியால் கதவைத் தட்டினார்.

டங்.

நின்றார். மறுபடி தட்டினார்.

டங். டங்.

வெளியே காவலாளியின் குரல் பதறியது.

"சார், ஜாடியால கதவத் தட்டாதீங்க. உடைஞ்சிடப்போகுது."

ஜாடி அவருக்குப் பின்னால், மேசைமேல் இருந்தது. உயர்த்திய கையில், தேன் நிறம் மணிக்கட்டைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது.