எலிகளுக்கு முருங்கைக்கீரை

செவ்வாய்க் கோளின் மண்ணுக்கடியில் இருந்த அந்தக் குடியிருப்பில், பிள்ளைகளின் இரத்தத்தைச் சுவைத்துப் பார்த்த பிறகே பள்ளிக்கூடத்தின் கதவு திறக்கும். வரிசையில் நின்று விரலை நீட்டுவார்கள். கதவிலிருந்து ஓர் ஊசி எட்டிப் பார்த்து ஒரு துளியை உறிஞ்சிக்கொள்ளும். வெள்ளணுக்கள் போதுமான அளவில் இருந்தால் பச்சை விளக்கு எரியும். மஞ்சள் எரிந்தால் வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். ஒரு சளிகூட அந்தப் பிள்ளையைக் கொன்றுவிடக்கூடும். யாரும் அழுவதில்லை. லீவு கிடைத்ததென்று சிரித்துக்கொண்டே ஓடும் பிள்ளைகளும் உண்டு.

பரிமளாவின் மகள் செவ்வந்திக்கு அந்த மாதம் முழுக்க மஞ்சள்தான்.

குடியிருப்பின் பாறைக்கூரை மெல்லியது. விண்வெளியிலிருந்து வரும் கதிர்வீச்சு அதைத் துளைத்துக்கொண்டு ஓயாமல் இறங்கியது. கதிர்த்தூறல் என்பார்கள். எலும்புக்குள்ளே இரத்தம் பிறக்கும் இடத்தையே அது அரித்தது. நல்ல சாப்பாடு கிடைத்தால் இரத்தம் அதைத் தாங்குமா என்று கண்டறிய ஆய்வுக்கூடத்தில் எலிகளை வளர்த்தார்கள். பாதி எலிகளுக்கு, மனிதர்கள் தின்னும் அதே பாசி அடை. மீதி எலிகளுக்கு, செயற்கை வெளிச்சத்தில் வளர்த்த முருங்கைக்கீரைப் பொடியும் உளுந்தும். குடியிருப்பில் இருந்த ஒரே தோட்டம் அந்த எலிகளுக்காகத்தான்.

அவற்றுக்குத் தீனி வைப்பது பரிமளாவின் வேலை. கூரையைப் பழுதுபார்க்கப் போன கணவன் இரத்தம் வெளுத்துச் செத்தபோது அவள் வாயைத் திறக்கவில்லை. மகளின் ஈறில் இரத்தம் கசிந்த அன்றிலிருந்து, எலிகளுக்கான முருங்கைப் பொடியையும் உளுந்தையும் முழுவதுமாகக் கைக்குட்டையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

"என்னம்மா இது, இப்படிக் கசக்குது?"

"மூக்கைப் பிடிச்சிட்டு முழுங்குடி. யாருகிட்டயும் சொல்லாத."

வாரங்கள் போகப் போகக் குழந்தையின் உதட்டில் நிறம் வந்தது. ஒரு நாள் பச்சை விளக்கு எரிந்தது. பிறகு அது மாறவே இல்லை. ஆய்வுக்கூடத்திலோ முருங்கைக்கென்று ஒதுக்கிய எலிகளும் பாசி தின்றவற்றைப் போலவே இரத்தம் வெளுத்துச் செத்தன. முருங்கைக்குப் பதில் வெறும் உமியையும் தண்ணீரையும் கலந்து அவற்றின் தட்டை நிரப்பியது பரிமளாவுக்கு மட்டுமே தெரியும்.

உணவுக்குழுவின் தலைவர் வேதநாயகம் எல்லாரையும் கூட்டி முடிவைச் சொன்னார். உணவால் இரத்தத்தில் எந்த வேறுபாடும் இல்லை. தோட்டத்தை மூடினால் மின்சாரமாவது மிஞ்சும்.

பரிமளா எழுந்தாள்.

"மூடாதீங்க ஐயா. எலிங்க அதைச் சாப்பிடவே இல்ல. நான்தான் திருடி என் பொண்ணுக்குக் கொடுத்தேன். அவ ரத்தத்தைப் பாருங்க. எல்லாப் பிள்ளைங்களுக்கும் கொடுத்தா எல்லாரும் பொழைச்சிக்குவாங்க."

வேதநாயகம் கெட்டவர் அல்லர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரு குழந்தையை வச்சு எப்படிம்மா முடிவு பண்றது? அது தற்செயலா இருக்கலாம். நீ செஞ்ச காரியத்தால ஆய்வே கெட்டுப்போச்சு. புது எலிகளை வச்சு முதல்லேருந்து ஆரம்பிக்கணும். அதுவரைக்கும் கீரையை யாரும் தொடக் கூடாது."

மற்ற பெற்றோர்கள் தனக்காகப் பேசுவார்கள் என்று நினைத்துப் பரிமளா திரும்பிப் பார்த்தாள். அடுத்த வீட்டு எஸ்தர் எழுந்தாள். அவளுடைய மகனுக்கும் மஞ்சள்தான்.

"அதென்னக்கா, உன் பிள்ளைக்கு மட்டும்? எங்க பிள்ளைங்க கண்ணு முன்னாடி வெளுத்துக் கிடக்கும்போது உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

"அதனாலதான் எஸ்தர் எல்லாருக்கும் கேக்குறேன்!"

அந்தக் குரல் யார் காதிலும் ஏறவில்லை. இனி ஒருத்தி பிள்ளை மட்டும் தின்றுவிடக் கூடாது என்று தோட்டத்துக்குக் காவல் கேட்டார்கள். ஆள் போதாது என்றார் வேதநாயகம். தாங்களே முறை வைத்து நிற்பதாகப் பெற்றோர்கள் ஒப்புக்கொண்டார்கள். முதல் காவலுக்கு எஸ்தர் பெயர் கொடுத்தாள்.

செவ்வந்தி மறுபடி பாசி அடைக்கு வந்தாள். அடுத்த குளிர்காலத்தில் அவள் இறந்தாள். எஸ்தரின் மகன் அதற்கு முன்பே போயிருந்தான். அவன் சாகும் வாரத்திலும் எஸ்தர் தன் முறைக்கு வந்து நின்றாள். கீரை வாசம் வந்த பக்கம் அவள் திரும்பவில்லை.

இரண்டாவது ஆய்வு பிசகின்றி முடிந்தது. முருங்கை தின்ற எலிகள் கொழுகொழுவென்று இருந்தன. அவற்றின் இரத்தத்தில் குறையே இல்லை. வேதநாயகம் அறிவித்ததும் மண்டபத்தில் கைதட்டல் எழுந்தது.

"அப்போ பிள்ளைங்களுக்கு எப்ப ஐயா கொடுப்பீங்க?" என்று பின்வரிசையிலிருந்து ஓர் அப்பன் கேட்டான்.

"அவசரப்படக் கூடாதுப்பா. எலி வேற, மனுஷன் வேற இல்லையா? அடுத்த கப்பல்ல முயல் வருது. அதுக்குக் கொடுத்துப் பாக்கலாம்." அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "முயலுக்குத் தீனி அதிகம். காவலும் கூடுதலா வேணும். யார் யார் நிக்கிறீங்க?"

பரிமளாவைத் தவிர எல்லாரும் கை தூக்கினார்கள்.